ஜெனரல் காட் சாகாம இருந்திருந்தா எல் அலமெய்ன் சண்டை மாறியிருக்குமா?

அடுத்த கேள்விக்கு வருவோம். ரெண்டாம் உலகப் போர்ல எகிப்துல நடந்த எல் அலமெய்ன் சண்டையைப் பத்தினது. "1942 ஆகஸ்ட் 7ஆம் தேதி ஜெனரல் வில்லியம் காட் வந்த விமானத்தை ஜெர்மன்காரங்க சுட்டு வீழ்த்தலைன்னா, மாண்ட்கோமரிக்கு எட்டாவது ராணுவம் கிடைச்சிருக்காது. அப்போ ரோமெல் கெய்ரோவுக்கே போயிருப்பாரா?"ன்னு கேட்டிருக்கீங்க. காட்டும் மாண்ட்கோமரியும் பிரிட்டிஷ் ஜெனரல்கள், ரோமெல் எதிர்ப் பக்க ஜெர்மன் தளபதி. அங்க இருந்த பிரிட்டிஷ் எட்டாவது ராணுவத்துக்குத் தளபதியா முதல்ல காட்டைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாங்க.

போயிருக்க மாட்டார். அங்க யார் தளபதிங்கறதை விட நிலமும் பெட்ரோலும்தான் பெரிய விஷயம். வடக்கே கடல், தெற்கே கட்டாரா பள்ளம், டாங்கி இறங்கினா புதைஞ்சுடும். நடுவுல இருந்தது 60 கிலோமீட்டர் சொச்சம்தான். மே மாசம் லிபியாவுல கசாலாங்கற இடத்துல ரோமெல் பண்ணின மாதிரி தெற்கால சுத்தி வந்து முதுகுல அடிக்கிற வேலை இங்க நடக்காது. பிரிட்டிஷ்காரங்களுக்குச் சரக்கு வர்ற அலெக்சாண்ட்ரியா துறைமுகம் சுமார் 100 கிலோமீட்டர். ரோமெலுக்கு லிபியத் துறைமுகங்கள்தான், அதுல டொப்ரூக்கே 500க்கு மேல, பெங்காசி அதோட ரெட்டிப்பு. சரக்கு கொண்டு வர்ற லாரியே பாதி பெட்ரோலைக் குடிச்சுடும்.

ஆகஸ்ட் 30 ராத்திரி ரோமெல் தாக்கினதை எடுத்துக்கோங்க. கண்ணிவெடில சிக்கி நேரம் போச்சு, பெட்ரோலும் பத்தலை. நினைச்சதை விட சீக்கிரமே வடக்கே திரும்பி, பிரிட்டிஷ் வரிசைக்குப் பின்னாடி இருந்த அலம் ஹல்ஃபா மேட்டு மேலயே மோத வேண்டியதாப் போச்சு. அந்த மேட்டைக் காக்கணும்ங்கற யோசனை மாண்ட்கோமரி வர்றதுக்கு முன்னாடியே இருந்தது, அதுல காட்டுக்கும் பங்கு உண்டு. மாண்ட்கோமரி செஞ்சது என்னன்னா, 44ஆவது டிவிஷனை அங்க வரவழைச்சார், டாங்கிகளை மேட்டுச் சரிவுல மறைச்சு நிறுத்தி, துரத்திட்டுப் போகாதீங்கன்னு கண்டிப்பா சொன்னார். அதுவரைக்கும் பிரிட்டிஷ் டாங்கிகள் பாய்ஞ்சு போய் ஜெர்மன் 88 மில்லிமீட்டர் பீரங்கி முன்னாடி எரிஞ்சதுதான் வழக்கம். காட் அந்தப் பழக்கத்தை நிறுத்தியிருப்பாராங்கறது எனக்குச் சந்தேகம். ஏன்னா, கசாலாவுல பிரிகேடுகள் தனித்தனியா அடி வாங்கினப்போ ஒரு கோர் (பல டிவிஷன் சேர்ந்த பெரிய படை) அவர் கையிலதான் இருந்தது. ரெண்டு வருஷப் பாலைவனச் சண்டைல களைச்சும் போயிருந்தார்.

பெரிய வித்தியாசம் வந்திருந்தா அது தாக்குதல் தேதியிலதான். சர்ச்சிலுக்கு செப்டம்பர்லயே அடிக்கணும். கண்ணிவெடி எடுக்க நிலா வெளிச்சம் வேணும்ங்கறதால, செப்டம்பர் பௌர்ணமியை விட்டா அக்டோபர் 24 பௌர்ணமிதான். அந்த நாலு வாரத்துலதான் புது ஷெர்மன் டாங்கிகளைப் பாலைவனத்துக்குத் தயார் பண்ணினாங்க, கண்ணிவெடி எடுக்கற சாப்பர்ஸுக்கும் (ராணுவப் பொறியாளர்கள்) பயிற்சி கொடுத்தாங்க.

அவங்க வேலை இப்படி. முதல்ல காலாட்படை போகும், ஏன்னா டாங்கி கண்ணிவெடி ஆள் மிதிச்சா வெடிக்காது. ஆளைக் கொல்ற சின்ன வெடிகளும் நடுவுல கலந்திருக்கும், அதுதான் ஆபத்து. பின்னாடியே சாப்பர்ஸ் நாடா கட்டி, சுமார் 7 மீட்டர் அகலத்துக்குப் பாதை போடணும். போலந்துக்காரர் கண்டுபிடிச்ச டிடெக்டர் சுமார் 500 வந்திருந்தது. ஹெட்போன்ல சத்தம் மாறினா அந்த இடத்தை அடையாளம் பண்ணி, மண்ணைக் கையால விலக்கி, அடியில இன்னொரு வெடி கோத்திருக்கான்னு பார்த்து, கம்பி கட்டி தூரத்துல இருந்து இழுக்கணும். டிடெக்டர் மக்கர் பண்ணினா பயனட்டைச் சாய்ச்சுக் குத்திக் குத்தித்தான் தேடணும். அப்போ வேகம் பாதியாயிடும். பாதை விடியறதுக்குள்ள முடியலைன்னா டாங்கிகள் வெட்டவெளில வரிசையா மாட்டிக்கும். அக்டோபர்லயே சில இடத்துல அப்படி மாட்டிக்கிச்சு. பயிற்சியே இல்லாம செப்டம்பர்ல போயிருந்தா?

ஆனா சர்ச்சிலோட அவசரத்தைத் தாங்கிக்க மேல, மத்திய கிழக்கு பிரிட்டிஷ் படைத் தலைவர் ஜெனரல் அலெக்சாண்டர் இருந்தார். காட் வந்திருந்தாலும் அவர்தான் மேலதிகாரி. அதனால தேதி தள்ளிப் போகவும் வாய்ப்பு இருந்தது.

எதிர்ப் பக்கத்தை யாரும் கேட்கறதில்லை. சண்டை ஆரம்பிச்ச அக்டோபர் 23 ராத்திரி ரோமெல் சிகிச்சைக்குப் போயிருந்தார். பொறுப்புல இருந்த ஸ்டும்மே மறுநாளே மாரடைப்புல இறந்துட்டார். ரோமெல் திரும்பினது 25 சாயங்காலம். முதல் ரெண்டு நாள் ஜெர்மன் பக்கம் ரோமெல் இல்லாமத்தான் சண்டை போட்டுச்சு.

காட் உருப்படியா மாத்தியிருக்கக்கூடிய இடம்னா அது நவம்பர் 4ல ஜெர்மன் வரிசை உடைஞ்ச பிறகு துரத்தினதுதான். மாண்ட்கோமரி நிதானமாப் போனார், ரோமெல் மிச்சப் படையோட நழுவினார். காட் ஓடி அடிக்கிற சண்டையில ஊறினவர், ரோமெல் பின்வாங்கற வழியில மேற்கே இருந்த மெர்சா மட்ரூவுக்குத் தனிப் படையை முன்கூட்டியே தயார் பண்ணியிருக்கலாம். ஆனா நவம்பர் 6, 7ல பெஞ்ச மழைல பெட்ரோல் லாரிகள் சேத்துல சிக்கினதுக்கு அவராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.