கென்யா 2008: ஒரு படிவமும் ஒரு கலவரமும்

நேயர்களுக்கு வணக்கம். கென்யாவின் 2008-ஆம் ஆண்டு என்றாலே இனக் கலவரத்தில்தான் பேச்சு தொடங்கும். நான் 16ஏ என்ற படிவத்திலிருந்து தொடங்குகிறேன்.

வாக்குச்சாவடியில் கட்சி முகவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கென்யாவில் வாக்குகளை அந்தச் சாவடியிலேயே எண்ணிவிடுவார்கள். சாவடி அலுவலர் எண்ணிக்கையை அந்நாளில் 16ஏ-யில் எழுதுவார், முகவர்கள் கையெழுத்திடுவார்கள். அந்தத் தாள்களைத் தொகுதி அலுவலர் கூட்டி நைரோபிக்கு அனுப்புவார். அப்போது 210 தொகுதிகள். கவனியுங்கள், தாள் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் எண்ணும் மாற வழி உண்டு.

2007 டிசம்பர் 27 அதிபர் தேர்தலின் வாக்குப்பதிவு. 30-ஆம் தேதி, அதிபராக இருந்த கிபாகிக்கு 45,84,721 வாக்குகள், எதிர்த்து நின்ற ஒடிங்காவுக்கு 43,52,993 என்று அறிவித்தார்கள். அன்று மாலையே கிபாகி பதவியேற்றார். எண்ணில் மோசடி என்று ஒடிங்கா தரப்பு கொதித்தது; சில மணி நேரத்தில் கிசுமு, எல்டோரெட் நகரங்களிலும் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியிலும் தீ. ஜனவரி 1 அன்று எல்டோரெட் அருகே கியாம்பாவில், தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களை உள்ளே வைத்தே எரித்தார்கள். இரண்டே மாதத்தில் 1,100-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, பிப்ரவரி 28-இல் ஒப்பந்தம். ஏப்ரலில் ஒடிங்கா பிரதமரானார்.

மறுபடி அந்தத் தாளுக்கே வருகிறேன். 2008-லேயே நீதிபதி கிரீக்லர் ஆணையம் இந்தத் தேர்தலை விசாரித்தது. இரு தரப்பின் கோட்டைகளிலும் கள்ள வாக்கு விழுந்திருந்தது. கூட்டல் அவ்வளவு சீர்கெட்டிருந்ததால், உண்மையில் யார் வென்றார் என்று இனிச் சொல்லவே முடியாது என்றது ஆணையம். யார் வென்றார் என்பதைவிட இந்த முடிவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தாள் சரியாக இருந்திருந்தால் தோற்றவரிடம் காட்டியிருக்கலாம், அவர் ஆட்களிடமும் காட்டியிருக்கலாம்.

தொகுதியில் அறிவித்த எண்ணை நைரோபியில் திருத்தக் கூடாது என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி, முடிவுகளை அனுப்பியதில் இருந்த குறைகளுக்காக உச்ச நீதிமன்றம் அதிபர் தேர்தலையே ரத்து செய்தது. 2022-இல் 46,000-க்கும் மேற்பட்ட சாவடிகளின் 34ஏ படிவங்கள், அதாவது பழைய 16ஏ-யின் வாரிசுகள், இணையத்தில் ஏறின. யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்க முடிந்தது.

எல்டோரெட் இருக்கும் ரிஃப்ட் பள்ளத்தாக்கின் நிலத் தகராறையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் முடிகிறது. சுருக்கமாக: வெள்ளையர் விட்டுப்போன நிலங்களில் குடியேறியவர்களுக்கும் முன்பே அங்கிருந்தவர்களுக்கும் இருந்த பழைய பகை அந்தத் தேர்தலில் வெடித்தது. இந்தக் கலவரத்துக்காகப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் நடந்த வழக்குகளில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. வணக்கம்.