கல்லுக்குள் இருக்கும் நீருக்கு என்ன வயது?

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இந்த மேசையின் மேல் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று கருங்கல், மற்றொன்று மணற்கல். இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் பாருங்கள். கருங்கல்லின் மேல் விழுந்த சொட்டு விழுந்த இடத்திலேயே நிற்கிறது. மணற்கல்லின் மேல் விழுந்தது எங்கே? ஈரமான ஒரு வட்டம் தெரிந்தது. இப்போது அதுவும் மங்கிக்கொண்டு வருகிறது. அந்தச் சொட்டு கல்லுக்குள் போய்விட்டது.

நிலத்தடி நீர் என்றவுடன் பூமிக்குள் ஓடும் ஓர் ஆற்றையோ, இருட்டில் தளும்பும் ஓர் ஏரியையோ நினைத்துக்கொள்பவர்கள் பலர். சுண்ணாம்புக்கல் நிலங்களில் குகைகளுக்குள்ளே அப்படி ஆறுகள் ஓடுவது உண்மைதான். ஆனால் உலகின் நிலத்தடி நீரில் பெரும்பகுதி இந்த மணற்கல்லுக்குள் போன சொட்டைப் போலத்தான் இருக்கிறது. மணலுக்கும் மணலுக்கும் நடுவில், கண்ணுக்குப் புலப்படாத இடுக்குகளில் அது தங்கியிருக்கிறது. கருங்கல் பூமியில் பாறையின் வெடிப்புகளில் தங்குகிறது. கிணறு தோண்டும்போது ஊற்றுக்கண் திறந்தது என்கிறோமே, அப்படி ஒரு வெடிப்பைத்தான் அங்கே வெட்டியிருப்போம். உலகின் நன்னீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. ஏறத்தாழ 30 விழுக்காடு இப்படிக் கல்லிலும் மணலிலும் இருக்கிறது. நாம் கண்ணால் காணும் ஆறுகளும் ஏரிகளும் சேர்ந்து அரை விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை.

எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது எப்போது பெய்த மழை என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இன்று நான் பேச வந்தது அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான்.

முதலில், அது மழைதான் என்பதையே மனிதர்கள் நெடுங்காலம் நம்பவில்லை. இத்தனை ஆறுகளுக்கு இந்த மழை எப்படிப் போதும்? கடல் நீர்தான் பூமிக்கடியில் ஏதோ வழியாக மலைக்கு ஏறி, உப்பை இழந்து ஊற்றாக வருகிறது என்று ஐரோப்பாவின் பெரிய அறிஞர்களே எழுதினார்கள். பிரான்சில் பியர் பெரோ என்பவர் இதை அளந்து பார்த்தார். பாரிசில் வரி வசூல் அதிகாரியாக இருந்து பதவியைப் பறிகொடுத்தவர் அவர். சேன் ஆற்றின் தலைப்பகுதியில் விழும் மழையை அளந்தார், அங்கே ஆற்றில் ஓடும் நீரைக் கணக்கிட்டார். ஆண்டு முழுவதும் ஓடும் நீரைப்போல ஆறு மடங்கு மழை பெய்வதாகத் தெரிந்தது. 1674-இல் அவர் அதை வெளியிட்டார். ஆயிரம் ஆண்டு வாதத்துக்கு முடிவு கட்டத் தொடங்கியது ஒரு கூட்டல் கணக்கு. எங்கள் துறைக்கு அது நல்ல பிறப்பு என்று நான் எப்போதும் நினைப்பேன்.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவரும் பிரெஞ்சுக்காரர்தான். ஹென்றி டார்சி என்ற பொறியாளர் டிஜோன் நகரத்துக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஊற்றிலிருந்து 1840-இல் குடிநீர் கொண்டுவந்தார். பிற்பாடு, மணல் வடிகட்டிகளை எப்படி அமைப்பது என்று பார்ப்பதற்காக ஓர் இரும்புக் குழாயை நிமிர்த்தி வைத்து, அதில் மணலை நிரப்பி, மேலே நீரைச் செலுத்தி, கீழே எவ்வளவு வருகிறது என்று அளந்தார். நீர்மட்ட வேறுபாடு இரண்டு மடங்கானால் வரும் நீரும் இரண்டு மடங்கானது. மணலின் உயரம் கூடக்கூட நீர் குறைந்தது. இவ்வளவுதான் அவர் கண்டது. 1856-இல் நகரக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றித் தாம் எழுதிய பெரிய நூலின் பின்னிணைப்பில் அதைச் சேர்த்தார். இரண்டே ஆண்டுகளில் காலமானார். இன்று உலகில் எந்த மூலையில் நிலத்தடி நீரைக் கணக்கிட உட்கார்ந்தாலும், முதலில் எழுதும் விதி அந்தப் பின்னிணைப்பில் இருப்பதுதான்.

அந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் திகைத்திருப்பார்கள். மணற்படுகையில் நீர் ஒரு நாளில் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே அது வேகமான ஓட்டம். பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு மீட்டர்தான். நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலையடிவாரத்தில் இறங்கிய மழை அந்த வேகத்தில் நம் ஆழ்துளைக் கிணற்றுக்கு வந்து சேர ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகும். கணக்கு அப்படிச் சொல்கிறது. ஆனால் உண்மையிலேயே அப்படியா? நீரிடமே கேட்க முடியுமா?

கேட்க முடியும்.

1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் ஹைட்ரஜன் குண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் பெருகியது. அது நீர் மூலக்கூறிலேயே சேர்ந்து மழையாகப் பெய்தது. வட அரைக்கோளத்தில் 1963-இல் உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டில் வானவெளிச் சோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை வந்தது, பிறகு மழையில் டிரிட்டியம் மெல்லக் குறைந்தது. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகத் தேயும் காலம், ஏறத்தாழ 12.3 ஆண்டுகள். ஒரு கிணற்று நீரில் கணிசமாக டிரிட்டியம் இருந்தால், அதில் அந்தச் சோதனைகளுக்குப் பின் பெய்த மழை கலந்திருக்கிறது. சிறிதும் இல்லையென்றால், அந்த மழை அதற்கு முன்பே மண்ணுக்குள் இறங்கியது. மனித குலம் செய்த கொடிய காரியங்களில் ஒன்று மழைக்குத் தேதி குத்திவிட்டுப் போயிருக்கிறது. இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

அதைவிடப் பழைய நீருக்குக் கார்பன்-14 இருக்கிறது. மழைநீர் மண் வழியாக இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. அந்த வாயுவில் உள்ள கதிரியக்கக் கார்பன்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகத் தேய்கிறது. ஆனால் ஒரு சிக்கல். வழியில் சுண்ணாம்புக்கல் இருந்தால் அதிலிருந்து கதிரியக்கமற்ற பழைய கார்பனும் கரைந்து சேரும். இளைய நீர் முதிய நீர்போலத் தோன்றும். ஆகவே எந்தப் பாறை வழியாக நீர் வந்தது என்று தெரியாதவர் சொல்லும் வயதை நம்பக் கூடாது. வேதியியலும் நிலவியலும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் கார்பனும் கைவிட்டுவிடும். அங்கே வருவது கிரிப்டான்-81. அதன் அரை ஆயுள் இரண்டு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் ஆண்டுகள். காற்றில் மிக மிக அரிதாக இருக்கும் இந்த வாயுவை நீரிலிருந்து பிரித்து, லேசர் ஒளியால் பொறிவைத்துப் பிடித்து, அணு அணுவாக எண்ணுகிறார்கள். எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், நூபிய மணற்கல் படுகையின் கிணறுகளில் எடுத்த நீரை இப்படி எண்ணி 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு லட்சம் ஆண்டுகள் முதல் பத்து லட்சம் ஆண்டுகள் வரை வயதுள்ள நீர் அது! சகாராவில் மழை பெய்த ஈரமான காலங்களில் இறங்கிய நீர். அந்த மழை பெய்தபோது அதைப் பார்க்க நம்மைப் போன்ற மனிதர் இருந்தாரா என்பதே கேள்வி. எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நான்கு நாடுகளுக்கு அடியில் அந்தப் படுகை பரந்து கிடக்கிறது.

அந்த நீரைத் தொடவே கூடாதா என்று சிலர் கேட்பார்கள். பாலைவனத்தில் வாழ்கிறவனுக்கு வேறு நீர் இல்லை; அவனுக்கு உபதேசம் செய்ய நான் தயாரில்லை. நான் கேட்பது வேறு. ஐந்து ஆண்டில் மழை வந்து நிரப்பும் நீரையும், ஐந்து லட்சம் ஆண்டில் சேர்ந்த நீரையும் ஒரே மோட்டார், ஒரே குழாய், ஒரே வேகத்தில் எடுக்கிறோமே, எதை எடுக்கிறோம் என்று தெரிந்துதான் எடுக்கிறோமா?

தெரியாமல் எடுத்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு புகைப்படம் சாட்சி. கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் 1977-இல் எடுத்தது. ஜோசப் போலந்து என்ற நிலவியலாளர் ஒரு மின்கம்பத்தின் அருகில் நிற்கிறார். கம்பத்தில் மூன்று பலகைகள். அவர் காலடியில் 1977. தலைக்கு மேலே 1955. அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், ஏறத்தாழ 9 மீட்டருக்கு மேலே, 1925. அந்தந்த ஆண்டில் தரை அங்கே இருந்தது என்று பொருள். பாசனத்துக்கு நீரை இறைத்ததில் பூமியே அவ்வளவு இறங்கிவிட்டது. மணல் அடுக்குகளுக்கு நடுவே களிமண் அடுக்குகள் உண்டு. களிமண்ணின் தகடு போன்ற நுண்துகள்கள் ஒழுங்கின்றிக் கிடக்கும். இடையில் உள்ள நீர்தான் மேலிருக்கும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். நீர் போனதும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். மணல் ஓரளவு மீளும். களிமண் மீளாது. பிறகு எத்தனை பெருமழை பெய்தாலும் அந்த இடம் நீருக்கு மறுபடி கிடைப்பதில்லை.

வயது என்றேன். நீரின் வயதை மட்டும் பார்த்தால் போதாது, மண்ணின் வயதையும் பார்க்க வேண்டும். வங்கதேசத்தில் குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் மடிந்ததைப் பார்த்து, 1970-களிலிருந்து லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைப் போட்டார்கள். நல்ல எண்ணம், நல்ல உழைப்பு. கண்ணாடிபோலத் தெளிந்த நீர் வந்தது. சில ஆண்டுகள் கழித்து மக்களின் உள்ளங்கைகளிலும் பாதங்களிலும் தோல் தடித்துக் கறுத்துப் புள்ளிகள் எழுந்தன. நீரில் ஆர்செனிக் இருந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. எந்த ஆலையும் அதைக் கொட்டவில்லை. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்த வண்டலில், இரும்புத் துருவின் மேல் ஒட்டிக்கொண்டு வந்தது அது. வண்டலோடு புதைந்த செடிகொடிகளை நுண்ணுயிர்கள் தின்று பிராணவாயுவைத் தீர்த்துவிட, துரு கரைந்தது. ஒட்டியிருந்த நஞ்சு நீரில் இறங்கியது. கடந்த சுமார் பத்தாயிரம் ஆண்டுகளில் படிந்த இளைய வண்டலில்தான் இந்த நஞ்சு மிகுதி. அதற்குக் கீழே, பழைய படிவுகளில் உள்ள ஆழமான கிணறுகள் பெரும்பாலும் பாதுகாப்பாக இருந்தன. அடுத்தடுத்த வீட்டுக் கிணறுகளில்கூட ஒன்று நஞ்சாக, ஒன்று நல்ல நீராக இருந்தது. கிணறு கிணறாகச் சோதித்து, நஞ்சு உள்ளதற்குச் சிவப்பும் இல்லாததற்குப் பச்சையும் பூசினார்கள். கோடிக்கணக்கானோர் அந்த நீரைக் குடித்த பிறகு.

கிணறு தோண்டிய முதல் நாளிலேயே அந்த ஒரு தனிமத்தையும் சோதித்திருக்கலாம். யாரும் அதை அங்கே எதிர்பார்க்கவில்லை. இந்தத் துறையில் முப்பது ஆண்டுகள் இருந்த எனக்கு இன்றும் தூக்கம் கெடுவது அந்த எதிர்பாராமையை நினைத்தால்தான்.

இப்போது வானத்திலிருந்தும் அளக்கிறோம். 2002-இல் இரண்டு செயற்கைக்கோள்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறக்கவிட்டார்கள். கீழே நிலத்தில் நீர் கூடினால் ஈர்ப்பு சற்றுக் கூடும், இடைவெளி மயிரிழையைவிடச் சிறிதாக மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு, வடமேற்கு இந்தியாவில் 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததைக் கணக்கிட்டார்கள். அந்த ஆண்டுகளில் மழை பொய்க்கவில்லை என்பதுதான் அதில் நடுங்கவைக்கும் செய்தி. ஆனால் செயற்கைக்கோளின் கண்ணுக்குச் சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள நிலம்தான் தெரியும். உங்கள் கிணறு தெரியாது. அதற்கு யாராவது ஒருவர் கிணற்றடிக்குப் போக வேண்டும்.

நான் வேலையில் சேர்ந்தபோது அந்த வேலைக்கு எஃகு நாடாவும் சாக்குக்கட்டியும்தான் கருவி. நாடாவின் நுனியில் இரண்டு மீட்டருக்குச் சாக்கைத் தேய்க்க வேண்டும். உலர்ந்த வெள்ளைப் பூச்சு. கிணற்றின் விளிம்பில் உள்ள குறிக்கு நேராக 16 மீட்டர் வரும்வரை இறக்கிப் பிடித்து, பிறகு மேலே இழுத்தால், நீரில் நனைந்த பகுதி மட்டும் கறுத்திருக்கும். எங்கே கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்குகிறதோ அதைப் படித்து 16-இலிருந்து கழிக்க வேண்டும். காய்வதற்குள் படித்துவிட வேண்டும். வெயில் நாளில் கண்ணிமைக்கும் நேரம்தான் கிடைக்கும்.

எனக்குத் தரப்பட்ட கண்காணிப்புக் கிணற்றின் ஏட்டில் இருபது ஆண்டு வாசிப்புகள் இருந்தன. மாதம் தவறாமல், மூன்று நான்கு பேருடைய கையெழுத்தில். நடுவில் மூன்று ஆண்டுகள் மட்டும் வெற்றுக் கட்டங்கள். ஆளில்லை என்று நிறுத்திவிட்டிருந்தார்கள். அதற்கு முன் கிணற்றில் நீர் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. அதற்குப் பின் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எப்போது திரும்பியது, எதனால் திரும்பியது என்பது அந்த மூன்று ஆண்டுகளுக்குள் இருந்தது. செயற்கைக்கோள் வந்து என்ன, லேசர் வந்து என்ன, அந்தக் கட்டங்களை இனி எவரும் நிரப்ப முடியாது.

அன்று நாடாவை மேலே இழுத்தேன். கறுப்பு 1.68-இல் முடிந்தது. அடுத்த கட்டத்தில் 14.32 என்று எழுதி, தேதியையும் போட்டேன்.