நடுவழியில் ஓர் அபிகாயில் வேண்டும்

தலைமை தாங்கும் ஆயர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மூப்பர்களே, இந்தக் கூட்டத்துக்காக இரவு பகலாக உழைத்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, பெண்கள் ஐக்கியத் தலைவி அம்மா அவர்களே, பாடல் குழுவின் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் என் அன்பின் வணக்கம். நீதிபதி ஐயா வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வாழ்நாளெல்லாம் பிறர் வழக்கைப் பொறுமையாகக் கேட்டவர் அவர். நான் இன்று பேசப்போகிற பொறுமையின் அருமை அவருக்கு நன்றாகத் தெரியும்.

நம்மை ஒருவர் அவமதிக்கும்போது பதிலடி கொடுக்காமல் கடவுளை நம்புவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று காரியங்கள் சொல்ல நினைக்கிறேன். ஒன்று, வாயை அடக்குவது. இரண்டு, வழக்கைக் கடவுளிடம் ஒப்படைப்பது. மூன்று, தீங்கு செய்தவருக்கு நன்மை செய்வது. இந்த மூன்றுக்கும் சேர்த்து நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழி உங்களுக்குத் தெரிந்ததுதான்: பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார்.

வேதாகமத்தில் வரும் தாவீதை எடுத்துக்கொள்ளுங்கள், பிற்காலத்தில் இஸ்ரவேலுக்கு ராஜா ஆனவர். அப்போது ராஜாவாக இருந்த சவுல் 3000 பேரைக் கூட்டிக்கொண்டு அவரைக் கொல்லத் தேடுகிறான். என்கேதி என்ற இடத்தில் ஒரு குகைக்குள் சவுல் தனியாக நுழைகிறான். அதே குகையின் உள்பக்கத்தில் தாவீது உட்கார்ந்திருக்கிறார். எதிரி கைக்குள் வந்துவிட்டான். கூட இருந்தவர்கள், இதுதான் கர்த்தர் கொடுத்த நாள் என்று தூண்டுகிறார்கள். தாவீது சவுலுடைய சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்துக்கொண்டார். அதற்கே மனம் அடித்துக்கொண்டது. கர்த்தர் நியாயம் விசாரிப்பார், என் கை உம்மேல் விழாது என்று சொல்லிவிட்டார்.

சரி, அடுத்த அதிகாரத்துக்கு வாருங்கள். 1 சாமுவேல் புத்தகம், 25ஆம் அதிகாரம். நாபால் என்று ஒரு பணக்காரன். அவனுக்கு 3000 ஆடுகள், 1000 வெள்ளாடுகள். அவனுடைய மேய்ப்பர்களுக்கு வனாந்தரத்தில் தாவீதின் ஆட்கள் இரவும் பகலும் மதிலாக இருந்தார்கள். ஆட்டு மயிர் கத்தரிக்கிற நல்ல நாள் வந்தது. தாவீது 10 வாலிபர்களை அனுப்பி, உமது கைக்கு உதவுவதைக் கொடும் என்று பணிவாகக் கேட்கிறார். நாபால் என்ன சொன்னான்? தாவீது என்பவன் யார்? எஜமானை விட்டு ஓடிப்போகிற வேலைக்காரர் இந்நாளில் அநேகர் உண்டு. என் அப்பத்தையும் தண்ணீரையும் எங்கிருந்தோ வந்தவர்களுக்குக் கொடுப்பேனோ?

கேட்டவுடன் தாவீது, அவனவன் பட்டயத்தைக் கட்டுங்கள் என்றார். 400 பேர் கிளம்பினார்கள், 200 பேர் மூட்டை முடிச்சுகளைக் காக்க நின்றார்கள். விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளையை விட்டுவைக்க மாட்டேன் என்று சபதம் வேறு! உயிருக்கு உலைவைத்த ராஜாவை மன்னித்த அதே மனிதர், ஒரு குடிகாரன் பேசிய பேச்சுக்கு ஒரு வீட்டையே அழிக்கப் புறப்பட்டார். பெரிய துன்பம் வந்தால் முழங்கால் போடுகிறோம். யாரோ நாலு பேர் முன்னால் நம்மை மட்டமாகப் பேசினால் ஜெபமே மறந்துபோகிறது. பொங்கினார் காடாள்வார் என்பது தாவீதுக்கும் பொருந்தும்.

அப்போது வழியில் ஒரு பெண் வருகிறாள். நாபாலின் மனைவி அபிகாயில். வேலைக்காரன் ஒருவன் ஓடிவந்து சொன்னவுடன், புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் 200 அப்பங்கள், 2 துருத்தி திராட்சரசம், சமைத்த 5 ஆடுகள், வறுத்த பயற்றில் 5 படி, வற்றலான 100 திராட்சக் குலைகள், 200 அத்திப்பழ அடைகள் எல்லாவற்றையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். நானூறு பட்டயங்களுக்கு எதிரே ஒற்றைப் பெண்! காலில் விழுந்து, பழி என்மேல் இருக்கட்டும் என்றாள். அத்தோடு விடவில்லை. நாளைக்கு நீங்கள் ராஜா ஆகும்போது, காரணமில்லாமல் இரத்தம் சிந்தினோமே என்ற மனவேதனை உங்களுக்கு வேண்டாம் என்று புத்தியும் சொன்னாள். உன் யோசனை ஆசீர்வதிக்கப்படுவதாக என்று சொல்லித் தாவீது திரும்பினார். நாபால் காரியத்தைக் கர்த்தரே பார்த்துக்கொண்டார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? பழிவாங்குதல் எனக்குரியது என்று உபாகமம் 32ல் கர்த்தர் சொல்லியிருக்கிறார், ரோமர் 12ல் அப்போஸ்தலன் பவுலும் அதை எடுத்துச் சொல்கிறார். தாவீது அதை அறியாதவர் அல்ல. ஆனாலும் கோபம் தலைக்கேறிய நேரத்தில் அவருடைய விசுவாசத்தை நினைவுபடுத்த இன்னொருவர் குறுக்கே வந்து நிற்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் சவுலின் குடும்பத்தைச் சேர்ந்த சீமேயி என்பவன் தாவீதைக் கல்லெறிந்து தூஷித்தபோது, அவன் தலையை வாங்கட்டுமா என்று தாவீதின் படைவீரன் அபிசாய் கேட்க, தாவீதே அபிசாயைத் தடுத்தார். அபிகாயிலிடம் கற்ற பாடம் அங்கே பலித்தது என்று நான் நம்புகிறேன்.

ஆகவே ஆயர் அவர்களிடமும் மூப்பர்களிடமும் நான் மறுபடியும் கேட்கிறேன். ஒவ்வொரு சபையிலும் ஒரு சமாதானக் குழு வேண்டும், அதில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். சகோதரனோடு பிரச்சினை வந்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு, பிறகு ஒன்றிரண்டு பேரை அழைத்துப் போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று மத்தேயு 18ல் இயேசுவே வழி காட்டியிருக்கிறார். அந்த ஒன்றிரண்டு பேர் யார் என்று நம் சபைகளில் யாருக்காவது தெரியுமா?

பெண்கள் ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டில் அடிபடுகிற பெண் வந்து அழும்போது, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். இந்தப் பழமொழியை அதற்குப் பயன்படுத்த நான் சம்மதிக்கவே மாட்டேன். பிலிப்பி நகரத்தில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள் பவுலை ரகசியமாக அனுப்பப் பார்த்தார்கள். அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்று பவுல் சொல்லிவிட்டார். அவர் யாரையும் திருப்பி அடிக்கவில்லை, நியாயத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடவுளை நம்புகிறவள் காவல்துறைக்குப் போகலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். அதை அவளுக்குச் சொல்லவும் கூடவே போகவும் குழுவில் பெண்கள் இருந்தே ஆக வேண்டும்.

தீங்கு செய்தவருக்கு நன்மை செய்வதைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். பாடல் குழுவினர் காத்திருக்கிறார்கள், அதை இன்னொரு கூட்டத்தில் பேசலாம். வாசலில் உள்ள மேசையில் தாள் வைத்திருக்கிறோம். உங்கள் சபையில் குழுவுக்குத் தகுந்த பெண்களின் பெயர்களை எழுதி இன்றைக்கே ஆயர் அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.