மிதிப்பவருக்கு மட்டும்தான் மோட்டார் துணை வரும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோரே, அனைவருக்கும் வணக்கம்.

'நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு ஏற்றது சாதாரண சைக்கிளா, மின்சார சைக்கிளா?' என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் நான்கு குற்றச்சாட்டுகளை அடுக்கினார். மோட்டார் வைத்த சைக்கிளில் போவது ஏமாற்று வேலை என்றார். நடுவழியில் பேட்டரி தீர்ந்தால் 25 கிலோ பாரத்தைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றார். பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைக்காது என்றார். விமானத்தில் ஏற்ற முடியாது என்றார்.

கடைசியாகச் சொன்னதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன் ஐயா. பேட்டரி தேக்கி வைக்கும் ஆற்றலை வாட்-மணி என்ற அலகில் அளப்பார்கள். பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் அனுமதியே கிடையாது. மின்சார சைக்கிளின் பேட்டரியோ பெரும்பாலும் 400 முதல் 750 வாட்-மணி வரை இருக்கும். ஆகவே கடல் தாண்டிப் போய் ஓட்டுவதுதான் ஒருவருடைய திட்டம் என்றால், சொந்த மின்சார சைக்கிள் அதற்கு உதவாது. போன இடத்தில் வாடகைக்கு எடுக்க வேண்டியதுதான். ஆனால் நெடுந்தூரப் பயணம் என்றால் விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? வீட்டு வாசலில் பெடலில் கால் வைத்து, பத்து நாள் கழித்து வேறொரு ஊரில் இறங்குவதும் நெடுந்தூரப் பயணம்தானே!

இனி அந்த முதல் குற்றச்சாட்டு. 'ஏமாற்று வேலை' என்று அவர் சொன்னபோது அவையில் பலமாகக் கைதட்டல் எழுந்தது. அதனால் அதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

கைப்பிடியை முறுக்கினால் கால் அசையாமலே ஓடும் வண்டியைப் பற்றி நான் பேசவில்லை. பயணத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது பெடல் உதவி சைக்கிளை. ஐரோப்பாவின் ஈ.என். 15194 தரவிதிப்படி, அதன் மோட்டார் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி நின்றுவிட வேண்டும். இந்த வகை சைக்கிளை 1993-இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த ஜப்பானில் அந்த எல்லை 24 கிலோமீட்டர். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் உங்கள் காலைத்தான் கேட்க வேண்டும்.

நல்ல சைக்கிளில் பெடல் அச்சருகே ஒரு உணரி இருக்கும். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது ஒவ்வொரு நொடியும் அளந்துகொண்டே இருக்கும். நீங்கள் மெல்ல மிதித்தால் மோட்டாரும் மெல்லத் தரும், ஓங்கி மிதித்தால் ஓங்கித் தரும். காலை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். உங்கள் உழைப்பை அது பெருக்கிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே வரும்! உழைக்காதவரை இந்த மோட்டார் ஒரு அடிகூட நகர்த்தாது.

இந்த 'ஏமாற்று' என்ற குற்றச்சாட்டு புதிதும் அல்ல. நூறு ஆண்டுக்கு முன்பு இதே குற்றச்சாட்டை கியர் மீது வைத்தார்கள். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் டி விவி என்ற பிரெஞ்சுக்காரர், மலைப்பாதைகளில் நீண்ட பயணம் போவதற்கென்றே பல கியர் சைக்கிளைப் பரப்பப் பாடுபட்டார். டூர் தி பிரான்ஸ் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சு அதை ஏற்கவில்லை. தசை பலத்தால் வெல்ல வேண்டும், கருவியின் தயவால் அல்ல என்பது அவர் வாதம். அந்தப் பந்தயத்தில் செயினை மாற்றிப்போடும் டிரெய்லியர் கியருக்கு 1937 வரை இடம் கிடைக்கவில்லை. அத்தனை ஆண்டும் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, அதன் மறுபக்கப் பல்சக்கரத்தில் ஏறினார்கள். எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். நீங்கள் போற்றுகிற சாதாரண சைக்கிளில் இன்று கியர் இருக்கிறதா, இல்லையா?

'கியர் புதிதாகச் சக்தியைத் தருவதில்லை, மோட்டார் தருகிறதே' என்று பதில் வரும். நியாயமான பதில்தான். அந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. பந்தயத்தில் ஒளித்து வைத்த மோட்டார் குற்றம், ஏனென்றால் அங்கே தோற்றுப்போகிற இன்னொருவர் இருக்கிறார். பயணத்தில் யார் தோற்கிறார்? மாலையில் கூடாரம் அடிக்கும்போது எந்தப் பரிசு யார் கையிலிருந்து பறிபோனது? ஏமாற்று என்றால் ஏமாந்தவர் என்று ஒருவர் வேண்டுமே ஐயா!

உடலுக்கு வேலையே இருக்காது என்ற கவலைக்கும் பதில் உண்டு. ஏழு ஐரோப்பிய நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. மின்சார சைக்கிள் ஓட்டுபவர்களின் வாராந்திர உடலுழைப்பு, சாதாரண சைக்கிள் ஓட்டுபவர்களுடையதற்கு ஏறக்குறைய சமமாக இருந்தது. காரணம் எளியது. மிதிப்பது சற்று இலகுவானதும் அவர்கள் அதிக தூரம் போனார்கள்.

இரண்டு பேராகச் சேர்ந்து பயணம் போயிருப்பவர்களுக்கு நான் அடுத்து சொல்லப்போவது நன்றாகத் தெரியும். ஒருவருக்குப் பலம் அதிகம், இன்னொருவருக்குக் குறைவு. ஏற்றம் வந்தால் பலசாலி முன்னே போய்விடுவார். உச்சியில் சைக்கிளைச் சாய்த்து வைப்பார், தண்ணீர் குடிப்பார், பழம் உரித்துத் தின்பார், நான்கு படம் எடுப்பார். இருபது நிமிடம் கழித்து மற்றவர் முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டி, மூச்சு இரைக்க வந்து சேருவார். உடனே முன்னவர் எழுந்து, 'கிளம்பலாமா?' என்பார். அதிகம் களைத்தவருக்கு ஓய்வே கிடையாது, களைக்காதவருக்கு ஒவ்வொரு உச்சியிலும் ஓய்வு! மூன்று நாள் இப்படிப் போனால் நான்காம் நாள் பேச்சு குறையும். அடுத்த பயணத்துக்கு ஒருவர் தனியாகத்தான் கிளம்புவார். பின்தங்கியவருக்கு ஒரு மோட்டார் கொடுத்துப் பாருங்கள். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே ஏறுவார்கள். கணவன் மனைவி, அப்பா மகள், அறுபது வயது அண்ணனும் ஐம்பது வயது தம்பியும் என்று எத்தனை ஜோடிகளுக்கு இது பொருந்தும்! மின்சார சைக்கிளுக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, பேட்டரிக்கு வருகிறேன். எதிரணி இதில் பயத்தைக் காட்டியது. நான் கணக்கைக் காட்டுகிறேன்.

ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 25, மூட்டை முடிச்சு 20, ஆக 120 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாரத்தை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க சுமார் 330 வாட்-மணி ஆற்றல் வேண்டும். பாதியை உங்கள் கால் தருகிறது, மீதியை மோட்டார் தருகிறது. மோட்டாரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து போவது சுமார் 200 வாட்-மணி. 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் கையிருப்பு சுமார் 500. ஆகவே ஒரே நாளில் 2000 மீட்டர் ஏறலாம். மூட்டையோடு 2000 மீட்டர் என்பது பழகிய கால்களுக்கே முழுநாள் வேலை.

அதே 1000 மீட்டரைச் சாதாரண சைக்கிளில் பாருங்கள். சைக்கிள் இலேசு, மொத்தம் 110 கிலோதான். தொடர்ந்து 100 வாட் தருகிற சராசரி ஓட்டுநருக்கு, பாரத்தைத் தூக்குவதற்கு மட்டுமே மூன்று மணி நேரம் ஆகும். மோட்டாரும் இன்னொரு 100 வாட் சேர்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். மிச்சமான நேரத்தில் வழியில் இருக்கிற கோட்டையைப் பார்க்கலாம், ஆற்றில் குளிக்கலாம். பயணம் போவது இதற்காகத்தானே!

எதிர்காற்றை எதிரணி தொடவே இல்லை. நெடுந்தூரம் போனவர்களைக் கேட்டால் மலையைவிடக் காற்றைத்தான் அதிகம் சபிப்பார்கள். மலைக்கு ஓர் உச்சி உண்டு, அந்தப் பக்கம் இறக்கமும் உண்டு. எதிர்காற்றுக்கு இரண்டும் இல்லை. நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போக, எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், காற்றைக் கிழிக்க மட்டும் நான்கு மடங்கு திறன் வேண்டும். நாள் முழுக்க அப்படிப் போனால் தலையை நிமிர்த்தி ஊரைப் பார்க்கவே தோன்றாது. முன்சக்கரமும் தார்ச்சாலையும்தான் கண்ணில் படும்.

பேட்டரி தீர்ந்தே போனாலும் என்ன ஆகும்? தள்ள வேண்டியதில்லை. அதுவும் சைக்கிள்தான், மிதித்துப் போகலாம். கூடுதலாக இருப்பது சுமார் 10 கிலோ. சமதளத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பத்து கிலோவுக்காகக் கால் தர வேண்டிய கூடுதல் திறன் சுமார் 3 வாட். ஏற்றத்தில் உறைக்கும், மறுக்கவில்லை. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் பாதையில், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய 11 வாட். இதற்குப் பெயர் சிரமம், ஆபத்து அல்ல. ஒன்று மட்டும் வாங்கும்போதே பார்க்க வேண்டும்: மின்சாரம் இல்லாதபோது மோட்டார் சக்கரத்தைப் பிடித்து இழுக்காமல் தானே விலகிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும்.

சார்ஜ் ஏற்றுவதும் ஒரு பழக்கம்தான். 2 ஆம்பியர் சார்ஜரில் அந்தப் பேட்டரி நிறைவதற்கு ஏழு மணி நேரம், அதாவது ஓர் இரவு ஆகும். பேட்டரி ஏற்குமானால் 4 ஆம்பியர் சார்ஜர் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் இளைப்பாறுகிற இடத்தில் செருகினால் 200 வாட்-மணிக்கு மேல் ஏறிவிடும். மேலே சொன்ன கணக்கில் அது இன்னொரு 1000 மீட்டர்! பேட்டரி நிறைவதற்கு அரை யூனிட்டுக்குச் சற்றே மேல் செலவாகும். காசு கொடுக்கிறேன் என்று சொல்லி, அனுமதி கேட்டுச் செருகுபவரை முகம் சுளித்து விரட்டுபவர்கள் குறைவு. குளிர்ப் பிரதேசத்தில் பேட்டரி குறைவாகத்தான் தரும், உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யவும் கூடாது. எனவே இரவில் கழற்றி உள்ளே எடுத்து வைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை நம்பிப் பயணம் திட்டமிடாதீர்கள். அது பெரும்பாலும் காற்றில்லாத சமதளத்தில், மிகக் குறைந்த உதவியில் வரும் தூரம். மூட்டை ஏற்றி, வீட்டருகே உள்ள ஏற்றத்தில் ஒருநாள் ஓட்டிப் பார்த்து, உங்களுக்கு வரும் தூரத்தை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

பழுது பற்றிச் சுருக்கமாக. மூடி முத்திரையிட்ட மோட்டாரை சாலையோரத்தில் பிரிக்க முடியாது, உண்மை. ஆனால் வழியில் அடிக்கடி தொல்லை தருவது எது? பஞ்சர், அறுந்த செயின், உடைந்த சக்கரக் கம்பி, தேய்ந்த பிரேக். இவை இரண்டு வகை சைக்கிளுக்கும் பொது, சரிசெய்யும் கருவிகளும் அவையேதான். பெடல் அச்சில் மோட்டார் இருந்தால் செயின் சீக்கிரம் தேயும். கூடுதலாக ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் போதும்.

வாரக்கணக்கில் மின்சாரமே இல்லாத பாலைவனத்தைக் கடக்கப் போகிறவருக்கு நானும் சாதாரண சைக்கிளைத்தான் சொல்வேன். அப்படிப் போகிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலோர் இரவில் ஒரு கூரையோ, கூடாரத் திடலோ, மின் இணைப்போ உள்ள ஊரில்தான் தங்குகிறார்கள். தலைப்பு அவர்களைப் பற்றியது.

நடுவர் அவர்களே, எதிரணியில் இன்னும் இருவர் பேச இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. முழங்கால் தேய்ந்தவர் ஒருவர், மருத்துவர் 'மிதிக்கலாம், ஆனால் பாரம் கொடுக்காதீர்கள்' என்று சொல்லியிருக்கிறார். இருநூறு மைல் தள்ளியிருக்கும் கடலை சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நடுவே ஒரு மலைத்தொடர். அவரைப் போகாதே என்பீர்களா, அல்லது எந்த சைக்கிளில் ஏற்றி அனுப்புவீர்கள்? பதிலை அடுத்து எழுபவர் இந்த மேடையிலேயே சொல்லட்டும். கேட்டுவிட்டு நீங்கள் தீர்ப்பு எழுதுங்கள் ஐயா.

நன்றி, வணக்கம்.