கடிப்பதற்கு முன்னால் ஒரு சத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு முத்து வந்தபோது என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான். முத்து ஒரு சுகர் கிளைடர், அதாவது மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து தாவுகிற சின்ன விலங்கு. வளர்ந்த பிறகும் 100 முதல் 150 கிராம்தான் இருக்கும். வந்த அன்று மதியமே ஆசையில் கூண்டுக்குள் கையை விட்டேன். தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து 'கர்ர்ர்' என்று கத்தினான். அப்படியும் பிடிக்கப் போனேன். கட்டைவிரலில் பல் இறங்கி இரத்தம் வந்துவிட்டது. தப்பு என்னுடையது.

ஆஸ்திரேலியா, நியூகினி காடுகளில் வாழ்கிற உயிர் இது. கங்காரு போல வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும். பகலெல்லாம் மரப்பொந்தில் கூட்டமாகத் தூங்கும். அந்தப் பொந்துக்குள் திடீரென்று நுழைவது பாம்பாகவோ உடும்பாகவோதான் இருக்கும். கூண்டுக்குள் வரும் நம் கையும் அதற்கு அப்படித்தான். யூகலிப்டஸ், அக்கேசியா மரப்பட்டையைக் கீறிப் பாலையும் பிசினையும் குடிப்பதற்கென்று அதன் கீழ் முன்பற்கள் நீண்டு கூராக இருக்கும். அவற்றை நறுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எலிப்பல் மாதிரி அவை வளர்ந்துகொண்டே இருப்பதில்லை.

அந்தக் 'கர்ர்ர்' சத்தம்தான் எச்சரிக்கை. கேட்டதும் கையை அசைக்காமல் வையுங்கள். முன்னால் கொண்டுபோகவும் வேண்டாம், வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம். இழுத்தால், 'கடித்தால் போதும், கை விலகிவிடும்' என்று அது பழகிக்கொள்ளும். அடிப்பது, முகத்தில் ஊதுவது எல்லாம் பயத்தை இன்னும் கூட்டும். கையுறையும் எனக்கு உதவவில்லை. அது நம்மை வாசனையில்தான் அடையாளம் காண்கிறது; கையுறை போட்டால் நம் வாசனை அதற்கு எங்கே கிடைக்கும்?

நான் உடுத்திய பழைய சட்டையைக் கிழித்து அவன் படுக்கிற பைக்குள் போட்டேன். அப்புறம் பகலில் அவன் தூங்கும்போது, அந்தத் துணிப்பையோடு அவனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டு வேலை பார்த்தேன். இரவில் கரண்டியில் கொஞ்சம் தயிர். சில நாள் கழித்துத்தான் விரலில். பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் நீட்டினால் விரலையே தின்பண்டம் என்று நினைத்துக் கடிக்கும், அதையும் பார்த்துவிட்டேன். ஏழாவது வாரம் முத்து என் விரலை நக்கிவிட்டு லேசாகப் பல்லால் சீண்டினான். இது கோபமில்லை, ஒன்றையொன்று சுத்தம் செய்துகொள்ளும் பழக்கம்.

சிலது தனிமையால் கடிக்கும். கூட்டமாக வாழ்வதை ஒற்றையாகப் பூட்டி வைத்தால் தன் உடம்பையே கடித்துக் குதறிக்கொள்வதும் உண்டு. முடிந்தால் இரண்டாக வளர்த்துவிடுங்கள். வயதுக்கு வந்த ஆண் முரண்டு பிடித்தால் கருத்தடை செய்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிங்கப்பூரிலிருந்து கேட்பவர்களுக்கு ஒன்று: அங்கே இதை வளர்க்கச் சட்டம் இடம் தரவில்லை.

நன்றாகப் பழகியது திடீரென்று கடித்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். இரண்டு வயதில் முத்து மறுபடி கடிக்க ஆரம்பித்தான். கோபம் என்று நினைத்து ஒரு வாரத்தை வீணாக்கினேன். பின்னங்கால் தடுமாறிய பிறகே மருத்துவரிடம் ஓடினேன். சுண்ணாம்புச் சத்துக் குறைவு. விரும்புகிறானே என்று பழமாகவே ஊட்டியிருந்தேன். தூக்கும்போதெல்லாம் எலும்பு வலித்திருக்கிறது, அதைத்தான் பல்லால் சொல்லியிருக்கிறான். உணவை மாற்றி, மருந்து கொடுத்து, கால் தேறியதும் கடியும் நின்றது.

நன்றி, வணக்கம்.