தட்டுகளுக்கு நடுவே

இது மின்விசிறியிலிருந்து கழற்றிய மின்தேக்கி. கெப்பாசிட்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும். 2.5 மைக்ரோஃபாரட், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. (ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னூட்டம் பிடிக்கும் என்பதுதான் மின்தேக்குத்திறன். அதன் அலகு ஃபாரட், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோஃபாரட்.) இதேபோல் செத்துப்போன ஒன்றை நேற்று ராத்திரி உடைத்துப் பார்த்தேன். உள்ளே கல் மாதிரி இறுகிய பிசின், அதற்குள் தட்டையாக அமுக்கிய ஒரு சுருள், பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான். அதன்மேல் உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்திருக்கிறார்கள், விளக்குக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் மங்கலாக ஊடுருவுகிறது. அவ்வளவு மெல்லிய பூச்சு. இந்த உலோகப் பூச்சுகள்தான் மின்தேக்கியின் இரண்டு ‘தட்டுகள்’, நடுவே இருப்பது படலம்.

இதற்குள் மின்னூட்டம் சேமிக்கப்படுகிறது என்றுதான் படித்திருப்பீர்கள். எனக்கு அதில் ஒரு சின்னச் சண்டை உண்டு. பாட்டரியை மாட்டினால் ஒரு தட்டிலிருந்து எடுபடுகிற அதே அளவு எலக்ட்ரான்கள்தான் மறு தட்டில் போய்ச் சேர்கின்றன, மொத்தக் கணக்கு முன்னாலும் பூஜ்யம், பின்னாலும் பூஜ்யம். அப்படியானால் என்னத்தைச் சேமித்தோம்? பிரித்துவைப்பதற்கு எடுத்த சிரமத்தைச் சேமித்தோம். அது தட்டுகளில் இல்லை, நடுவே இருக்கிற மின்புலத்தில், அதாவது மின்விசை நிலவுகிற அந்த இடைவெளியில் இருக்கிறது.

1745, 1746 வாக்கில் ஜெர்மானியர் கிளைஸ்டும் நெதர்லாந்தின் லைடன் நகரத்து முஸ்சென்புரூக்கும் தனித்தனியே மின்சாரத்தைத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தபோது, அதை ஒரு திரவம் என்றே நினைத்தார்கள். அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் பாட்டிலின் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், அப்போதும் அடித்தது! விஷயம் தண்ணீரில் இல்லை, கண்ணாடியில் என்றார். கண்ணாடிப் பரப்பில் மின்னூட்டம் ஒட்டிக்கொள்வதும் இதற்குக் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது, ஆனாலும் மனுஷன் பார்வையைத் திருப்பிய திசை சரி.

சரி, நடுவில் இருக்கிற அந்தக் கடத்தாப் பொருள் என்ன செய்கிறது? அதன் எலக்ட்ரான்கள் ஓட முடியாது, ஆனால் நேர்த்தட்டின் பக்கம் இம்மியளவு சாய முடியும். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் இப்படிச் சாய்ந்ததும் எதிர்த்திசையில் ஒரு புலம் உண்டாகி உள்ளே இருக்கிற புலத்தைக் குறைக்கிறது, தட்டுகளுக்கு இடையே மின்னழுத்தம் இறங்குகிறது, பாட்டரி இன்னும் கொஞ்சம் தள்ளலாம் என்று தள்ளுகிறது. பொருளுக்குப் பொருள் இது மாறும் என்பதை 1837-இல் அளந்து காட்டியவர் ஃபாரடே. நடுவே காற்று இருப்பதோடு ஒப்பிட்டால் மின்தேக்குத்திறன் கண்ணாடிக்கு 5 முதல் 10 மடங்கு வரை, தண்ணீருக்குச் சுமார் 80 மடங்கு, பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வகைப் பொருளுக்கு ஆயிரம் மடங்குக்கும் மேல். தண்ணீரையே ஊற்றிவிடலாமே என்று கேட்காதீர்கள், கொஞ்சம் உப்பு கலந்தாலே அது கடத்த ஆரம்பித்துவிடும்.

ஒரு ஃபாரட் எவ்வளவு பெரியது தெரியுமா? காற்றில் 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தட்டின் பரப்பு 113 சதுர கிலோமீட்டர் வேண்டும். அதனால்தான் இடைவெளியை ஒடுக்குகிறார்கள். ஒடுக்கினால் வேறு தொல்லை, காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3000 வோல்ட்டில் முறிந்து பொறி பறக்கும். இந்தப் பிளாஸ்டிக் படலம் அதைவிடப் பல மடங்கு தாங்கும், அதிலும் பலவீனமான இடத்தில் பொறி பாய்ந்தால் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகி அந்த ஓட்டையைத் தானே தனிமைப்படுத்திக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் துளித் துளியாகப் பரப்பு போகும், மைக்ரோஃபாரட் குறையும். பழைய மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆற்றல் கணக்கில் ஒரு ‘பாதி’ வரும், மின்தேக்குத்திறன் பெருக்கல் மின்னழுத்தத்தின் இருமடி, அதில் பாதி. முதல் எலக்ட்ரானுக்கு எதிர்ப்பே இல்லை, கடைசி எலக்ட்ரான்தான் முழு அழுத்தத்தையும் எதிர்த்து ஏறுகிறது, சராசரி பாதி. கேமரா ஃபிளாஷில் 120 மைக்ரோஃபாரட், 300 வோல்ட் என்று வைத்தால் 5.4 ஜூல். பென் பாட்டரியில் ஆயிரக்கணக்கான ஜூல் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் இது தூசு. ஆனால் அந்தத் தூசு ஓரிரு மில்லி வினாடியில் மொத்தமாக வெளியே வரும், அதாவது சில ஆயிரம் வாட். பாட்டரியால் அது முடியாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, என் விரலே சாட்சி. பெரிய மின்தேக்கி ஒன்றின் இரு முனைகளையும் கம்பியால் தொட்டு இறக்கிவிட்டேன் என்று நிம்மதியாக டீ குடிக்கப் போய்வந்து கைவைத்தேன், சுள்ளென்று அடித்தது. சாய்ந்த மூலக்கூறுகள் எல்லாம் உடனே நிமிர்வதில்லை, சில சாவகாசமாக நிமிர்கின்றன, அதற்குள் கம்பியை எடுத்துவிட்டால் முனைகளில் மறுபடி அழுத்தம் தலைதூக்கும். உயர் அழுத்த மின்தேக்கிகளை இரு முனைகளையும் கம்பியால் கட்டியே வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பி இதற்காகத்தான்.