பல்லிப் பெயர் தாங்கிய ஆமை

அவையோருக்கு வணக்கம். ஆமையைப் பற்றிப் பேச வந்தவன் பல்லியில் தொடங்குகிறேன். இந்த வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பெரிய புதைபடிவ முதுகெலும்புகளைப் பார்த்த ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன், அவை ஒரு ராட்சதப் பல்லியுடையவை என்று கண்டு, 1859இல் மெகலேனியா என்று பெயரிட்டார். அது சரிதான். பிறகு குயின்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ் பகுதியிலிருந்து கொம்புள்ள மண்டையோடு ஒன்று வந்தது. உடம்பெல்லாம் முள்ளாக ஒரு சின்னப் பல்லி அந்த நாட்டில் இன்றும் உண்டு. அந்தச் சாயலைக் கண்ட ஓவன், 1880இல் இதை மெகலேனியாவின் தலை என்றே எழுதிவிட்டார். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள லார்ட் ஹோவ் தீவில் அதே மாதிரி எலும்புகள், அளவில் சிறியவை, கிடைத்தபோது 1886இல் மெயோலேனியா என்று பெயர் வைத்தார். அதையும் பல்லிக் கூட்டத்தில்தான் சேர்த்தார்.

அந்தத் தலையைக் கிட்டத்தில் பாருங்கள். இரண்டு பெரிய கொம்புகள் பக்கவாட்டில் நீண்டிருக்கின்றன. இந்தத் தலையை ஓட்டுக்குள் இழுக்கவே முடியாது. வாலில் எலும்பு வளையங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பார்த்தால் யாருக்கும் ஆமை என்று தோன்றாது. ஆனால் தாடையில் ஒரு பல்கூட இல்லை! ஆமைக்கே உரிய அலகுதான் இருக்கிறது. 1887இல் ஆங்கிலேய விலங்கியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, இது ஆமை என்று உறுதியாகச் சொன்னார். கொம்பும் முள்ளும் எந்தக் குலத்திலும் முளைக்கலாம். தாடையும் மண்டையோட்டின் கட்டமைப்பும் அப்படி எளிதில் மாறுவதில்லை. வகைப்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த பாடம் இது.

ஹக்ஸ்லி புதுப் பெயரும் வைத்தார். செல்லவில்லை. முதலில் இட்ட பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் விதி. ஆகவே பல்லி என்று நினைத்து வைத்த மெயோலேனியா என்ற பெயரே ஆமைக்கு நிலைத்தது. டார்லிங் டவுன்ஸ் மண்டையோட்டைத் தனிச் சிற்றினமாகப் பிரித்த தொல்லுயிரியலாளர் வுட்வர்ட், 1888இல் அதற்கு ஓவனின் பெயரையே சூட்டினார். 1992இல் தொல்லுயிரியலாளர் யூஜின் காஃப்னி அதை நிஞ்ஜெமிஸ் என்ற தனிப் பேரினமாக்கினார்.

ஆமைதான் என்றாகிவிட்டது. எந்த ஆமை? கழுத்தை நேராக உள்ளிழுக்கும் ஆமைகளின் கிளையில் இதை வைத்தார் காஃப்னி. மண்டையோட்டின் அடியில் தலைக்கான ரத்தக்குழாய் நுழையும் இடம் அவருக்கு முக்கியச் சான்று. அதே பகுதியை மறுபடி ஆராய்ந்த ஹூலியானா ஸ்டெர்லியும் அவரோடு உழைத்தவர்களும், இன்று வாழும் ஆமைகளின் இரு பெருங்கிளைகளும் (கழுத்தை நேராக உள்ளிழுப்பவை, பக்கவாட்டில் மடிப்பவை) பிரிவதற்கு முன்பே விலகிப் போன பழைய மரபு இது என்கிறார்கள். எனக்கு இந்த வாதமே வலுவாகப் படுகிறது.